யார் வைத்த முற்றுப்புள்ளி? மினமாட்டாவும் கொடைக்கானலும்

சுற்றுச்சூழல் போராட்டங்களில் ஊடகத்தின் பங்கு பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழுகிறது: செய்தி வந்ததா, வரவில்லையா? ஆலை நச்சைக் கொட்டியதை நாளிதழ் எழுதியதா, தொலைக்காட்சி காட்டியதா, அதைக் கண்டு அரசு அசைந்ததா? இது தேவையான கேள்வி, ஆனால் போதுமானதல்ல. நச்சு மண்ணிலும் நீரிலும் மனித உடலிலும் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. செய்தியோ சில வாரங்களில் பழசாகிவிடுகிறது. ஆகவே இன்னொரு கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்: ஒரு பிரச்சினை முடிந்துவிட்டது என்று சொல்வது யார், எப்போது, எதை வைத்து?

அப்படிச் சொல்லும் அதிகாரம் ஊடகத்திடம் இருக்கிறது. பிரச்சினையை எழுப்பும் அதிகாரத்தைவிட அது பெரியது என்பது என் துணிபு. ஜப்பானின் மினமாட்டாவில் அந்த அதிகாரம் என்ன செய்தது என்பதற்கு அறுபது, எழுபது ஆண்டுக்காலப் பதிவுகள் இருக்கின்றன. ஊடகம் வைத்த முற்றுப்புள்ளியை ஏற்க மறுத்தவர்கள் தங்களுக்கான ஊடகத்தைத் தாங்களே உருவாக்கிக்கொண்ட வரலாறும் அதே ஊரில்தான் இருக்கிறது. மினமாட்டாவை நாசமாக்கிய பாதரசம் நம் கொடைக்கானல் மலையிலும் கலந்திருப்பதால், அந்த வரலாறு நமக்குத் தொலைதூரத்துக் கதையல்ல.

பூனைகள் செத்த செய்தி

கியூஷூ தீவில், குமமோட்டோ மாநிலத்தின் ஷிரானுய் கடலோரத்தில் இருக்கிறது மினமாட்டா. சிஸ்ஸோ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலை 1908இல் அங்கே வந்தது. 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரிக்கத் தொடங்கியது. அந்தத் தயாரிப்பில் பாதரசம் வினையூக்கி. பக்கவிளைவாக உருவான மெத்தில் பாதரசம் கழிவுநீரோடு வளைகுடாவுக்குள் போனது. சிப்பிக்கும் மீனுக்கும் ஏறியது. அவற்றைத் தின்ற பூனைக்கும் பறவைக்கும் மனிதருக்கும் வந்து சேர்ந்தது.

1954 ஆகஸ்ட் 1ஆம் தேதி உள்ளூர் நாளிதழான 'குமமோட்டோ நிச்சிநிச்சி' சிறு செய்தி ஒன்றை வெளியிட்டது. மோதோ என்ற மீனவர் குப்பத்தில் பூனைகள் வலிப்பு வந்ததுபோல் ஆடிச் சாகின்றன. ஊரில் பூனையே இல்லாமல் போனதால் எலித்தொல்லை பெருகிவிட்டது. எலிகளை ஒழித்துத் தர வேண்டும் என்று மக்கள் நகராட்சியிடம் முறையிட்டிருக்கிறார்கள். செய்தி அவ்வளவுதான். அந்தச் செய்தியாளர் பார்த்தது அனைத்தும் உண்மை. இடம், உயிரினம், நோயின் அறிகுறி எல்லாம் அதில் இருந்தன. 'ஏன்' என்ற கேள்வி மட்டும் இல்லை. எலித்தொல்லைச் செய்தியாகவே அது கடந்துபோனது.

இரண்டு ஆண்டுகள் முழுதாகக் கழிவதற்குள், 1956 மே 1ஆம் தேதி, சிஸ்ஸோவின் ஆலை மருத்துவமனைத் தலைவர் ஹோசோகாவா ஹாஜிமே, காரணம் தெரியாத நரம்பு நோய் ஒன்று பரவுவதாகச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தார். கை நடுங்கியது, நாக்குக் குழறியது, கண்பார்வையின் எல்லை சுருங்கியது. நோயாளிகள் பெரும்பாலும் மீனவக் குடும்பத்தினர்; சிறு குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள்.

முதலில் பார்ப்பது பெரும்பாலும் உள்ளூர் இதழ்தான் என்பதைச் சூழல் வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஆனால் பார்ப்பது மட்டும் போதாது. கேள்வி கேட்பதும் சில நேரம் போதாது. போபாலில் செய்தியாளர் ராஜ்குமார் கேஸ்வானி கேள்வியையும் கேட்டார். யூனியன் கார்பைடு ஆலையில் வேலை பார்த்த ஒருவர் ஃபாஸ்ஜீன் கசிவில் இறந்ததையடுத்து ஆலையின் ஆவணங்களைத் தேடிப் படித்தார். 1982 செப்டம்பரிலும் அக்டோபரிலும் 'ரபட்' என்ற தன்னுடைய சிறிய இந்தி வார இதழில் அடுத்தடுத்து மூன்று எச்சரிக்கைக் கட்டுரைகளை எழுதினார். 1984 ஜூனில் 'ஜன்சத்தா' நாளிதழில் மீண்டும் எழுதினார். யாரும் செவிசாய்க்கவில்லை. அந்த டிசம்பர் 2ஆம் தேதி இரவு வாயு கசிந்தது. மக்கள் செத்த பிறகு உலகத்தின் கேமராக்கள் எல்லாம் வந்தன. அவர்கள் சாகும் முன்பு கேஸ்வானி எழுதியதை அடுத்த பெரிய இதழ்கள் கையில் எடுத்து நகர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இன்றும் உறுத்துகிறது.

1959 டிசம்பர்

மினமாட்டாவில் செய்தியே வரவில்லை என்று சொல்ல முடியாது. 1959இல் அது ஜப்பான் முழுவதும் பேசப்பட்ட செய்தி. அந்த ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய்க்குக் காரணம் கரிமப் பாதரசம் என்று அறிவித்தார்கள். நவம்பர் 2ஆம் தேதி, நாடாளுமன்ற உறுப்பினர் குழு ஊருக்கு வந்திருந்த நாளில், பிழைப்பிழந்த மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். அதற்குப் பிறகுதான் தலைநகரத்து இதழ்களின் கவனம் முழுதாக இந்தப் பக்கம் திரும்பியது. உயிர் போனபோது கிடைக்காத கவனம் கண்ணாடி உடைந்தபோது கிடைத்தது. அதுவும் கலவரச் செய்தியாக. நவம்பர் 29ஆம் தேதி என்.எச்.கே. தொலைக்காட்சி இந்த நோய் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியது.

அதே நேரத்தில் எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. போர்க்காலத்தில் கடலில் கொட்டிய வெடிமருந்துதான் காரணம் என்றது வேதித்தொழில் சங்கம். அழுகிய மீனில் உண்டாகும் அமைன்கள்தான் காரணம் என்றார் டோக்கியோவின் பேராசிரியர் ஒருவர். மூன்று ஆண்டு ஆய்வுக்குப் பின் பல்கலைக்கழகம் வந்தடைந்த முடிவையும், சில நாள் பயணத்தில் பிறந்த இந்தக் கருத்துகளையும் நாளிதழ்கள் ஒரே வரிசையில் வைத்து வெளியிட்டன. இரு தரப்பையும் எழுதுவது நடுநிலை என்று நினைத்தார்கள். படித்தவருக்கு எஞ்சியது 'காரணம் இன்னும் உறுதியாகவில்லை' என்ற எண்ணம். ஆலைக்கு வேண்டியிருந்ததும் அதுதான். சான்றின் எடையைச் சொல்லாத நடுநிலை, வலுத்தவர் பக்கமே சாயும்.

ஆலையின் உள்ளேயோ உண்மை தெரிந்திருந்தது. அசிட்டால்டிஹைடு கழிவைத் தீவனத்தில் கலந்து ஹோசோகாவா பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண்ணிட்ட பூனைக்கு அந்த அக்டோபரில் அதே நோய் வந்தது. நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொன்னது. முடிவு வெளியே வரவில்லை. நகரமும் ஆலையின் பக்கம் நின்றது. கழிவுநீரை நிறுத்தினால் ஆலை நின்றுவிடும், ஆலை நின்றால் ஊர் செத்துவிடும் என்று மேயரும் வணிகர்களும் தொழிற்சங்கத்தாரும் சேர்ந்து ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள்.

பிறகு டிசம்பர் வந்தது. அந்த மாதம் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஆலையில் 'சைக்ளேட்டர்' என்ற கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் கருவியை ஆளுநர் முன்னிலையில் விழா எடுத்துத் தொடங்கிவைத்தார்கள். டிசம்பர் 30ஆம் தேதி நோயாளிகளுக்கும் நிறுவனத்துக்கும் இடையே 'ஆறுதல் தொகை' ஒப்பந்தம் கையெழுத்தானது. இறந்தவருக்கு 3 லட்சம் யென். உயிரோடு இருப்பவர்களில் பெரியவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம், குழந்தைக்கு 30 ஆயிரம். நோய்க்கு ஆலைதான் காரணம் என்று பின்னால் தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது என்று ஒரு பிரிவும் அதில் இருந்தது. நோயாளிகள் வறுமையில் கையெழுத்திட்டார்கள்.

கருவி வந்தாயிற்று, பணம் கொடுத்தாயிற்று. பிரச்சினை தீர்ந்தது என்று ஊடகம் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கருவி பாதரசத்தைப் பிரிக்கவே வடிவமைக்கப்படவில்லை. அதைக் கேட்டு எழுத ஒருவர் முனைந்திருந்தால் விழாச் செய்தி வேறு மாதிரி வந்திருக்கும். ஆலை அசிட்டால்டிஹைடு தயாரிப்பை நிறுத்தியது 1968 மேயில். அதாவது 'தீர்ந்துவிட்ட' பிறகும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் நச்சு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தாயின் வயிற்றிலேயே நோயைப் பெற்றுப் பிறந்த 16 குழந்தைகளை 1962இல் நோயாளிகளாக ஏற்றுக்கொண்டார்கள். அப்போதும் நாடு பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. மினமாட்டாவில் ஊடகத்தின் மிகப் பெரிய தவறு அது எழுதிய எதிலும் இல்லை. முடிந்தது என்று நம்பி விலகிக்கொண்டதில் இருக்கிறது.

விலகாதவர்கள்

விலகாமல் நின்றவர்கள் மிகச் சிலர். ஒளிப்படக் கலைஞர் குவாபாரா ஷிசேய் 1960இல் மினமாட்டாவுக்குப் போய், 1962இல் டோக்கியோவில் தன் படங்களைக் கண்காட்சியாக வைத்தார். மினமாட்டாவில் குடும்பத் தலைவியாக இருந்த இஷிமுரே மிச்சிகோ நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். கேட்டதை 1960 முதல் சிற்றிதழில் எழுதினார். அது வளர்ந்து 1969இல் 'குகாய் ஜோதோ' என்ற நூலாக வந்தது. செய்தித்தாளில் எண்ணிக்கையாக இருந்த நோயாளிகள், அந்த நூலில் தங்கள் வட்டார மொழியில், தங்கள் கடலையும் படகையும் மீனின் ருசியையும் பற்றிப் பேசும் மனிதர்களாக வந்தார்கள். இழந்தது என்ன என்பது அப்போதுதான் வெளியே இருந்தவர்களுக்கு உறைத்தது. 1970இல் கிடைத்த ஓயா சோய்ச்சி விருதை அவர் ஏற்க மறுத்துவிட்டார்.

இதற்கிடையே 1965இல் நீகட்டாவின் அகானோ ஆற்றங்கரையில், ஷோவா டென்கோ என்ற இன்னொரு நிறுவனத்தின் கழிவால் அதே நோய் வெடித்தது. மினமாட்டாவில் முற்றுப்புள்ளி வைக்காமல் இருந்திருந்தால் நீகட்டாவைத் தடுத்திருக்க வாய்ப்புண்டு. 1968 செப்டம்பரில்தான் சிஸ்ஸோவே காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது. நோய் அறிவிக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

1969இல் நோயாளிகளில் ஒரு பகுதியினர் வழக்குத் தொடுத்தபோது, குமமோட்டோவில் அவர்களுக்கு ஆதரவாக ஒரு குழு எழுந்தது. அது 'கோகுஹாட்சு' என்ற மாத இதழை நடத்தியது. 'குற்றஞ்சாட்டு' என்று பொருள்படும் பெயர். நீதிமன்றத்தில் நடந்ததும் நோயாளி வீட்டில் நடந்ததும் அதில் மாதம் தவறாமல் வந்தன. பெரிய இதழ்கள் வரும்போது வரட்டும், வராவிட்டாலும் பதிவு நிற்காது என்ற ஏற்பாடு அது.

1970 நவம்பரில் நோயாளிகள் சிஸ்ஸோவின் பங்குகளை ஆளுக்கொன்றாக வாங்கி, ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்குப் போனார்கள். வெள்ளை யாத்திரை உடை, கையில் மணி, இறந்தவர்களின் நினைவுப் பலகைகள். மேடையேறித் தலைவரை முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். கேமராக்கள் இருக்கும் இடத்துக்கு நோயாளிகளே போய் நின்றார்கள். எப்படிக் காட்சியளிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். இயக்குநர் சுச்சிமோட்டோ நொரியாகி 1971இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது.

1973 மார்ச் 20ஆம் தேதி குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் சிஸ்ஸோவின் அலட்சியத்தைக் குற்றமாகக் கண்டது. 1959 ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு முரணானது, செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. ஊடகம் ஏற்றுக்கொண்ட முற்றுப்புள்ளியை நீதிமன்றம் அழித்தது. அதற்கு உதவிய சான்றுகளில் ஒன்று, சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் நோய்ப்படுக்கையில் ஹோசோகாவா கொடுத்த வாக்குமூலம்: 400ஆம் பூனையின் கதை.

யாருடைய முகம்?

விலகாமல் நிற்பதற்கும் ஓர் அறம் வேண்டும். 1965இல் சுச்சிமோட்டோ தொலைக்காட்சிக்காக முதன்முறை மினமாட்டாவுக்குப் போனபோது, நோயுற்ற குழந்தையைக் கேட்காமல் படம் பிடித்ததாக ஒரு தாய் அவரைக் கடுமையாகத் திட்டினார். அந்தத் திட்டு அவரை நிலைகுலைய வைத்தது. மீண்டும் அவர் அங்கே போனது ஐந்து ஆண்டுகள் கழித்து. அப்போது ஊரோடு தங்கி, பேசி, ஒப்புதல் பெற்றுப் படமெடுத்தார். 1977இல் தன் படங்களைத் தூக்கிக்கொண்டு ஷிரானுய் கடலின் எதிர்க்கரைக் கிராமங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் திரையிட்டார். தங்கள் கைநடுக்கம் எதனால் என்று தெரியாமலும், தெரிந்தும் வெளியே சொல்ல அஞ்சியும் இருந்தவர்களுக்காக அந்தத் திரையிடல். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நகரத்துக்குச் சொல்வதோடு ஊடகத்தின் வேலை முடியவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கே செய்தி போய்ச் சேர வேண்டியிருந்தது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971 முதல் மினமாட்டாவில் குடியிருந்து படமெடுத்தார்கள். 1972 ஜனவரியில் ஆலை ஒன்றில் ஸ்மித் தாக்கப்பட்டுக் கண்பார்வை பாதிக்கப்பட்டது. அந்த ஜூனில் 'லைஃப்' இதழில் வந்த அவர்களின் படங்களில் ஒன்று, பிறவியிலேயே நோயுற்ற மகளைத் தாய் குளிப்பாட்டும் படம். உலகம் மினமாட்டாவை அந்தப் படத்தின் வழியாகத்தான் அறிந்தது. அந்த மகள் 1977இல் இறந்தார். ஆனால் படம் ஓயவில்லை. பாடநூல்களிலும் கண்காட்சிகளிலும் சுவரொட்டிகளிலும் திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளையை இனியாவது விட்டுவிடுங்கள் என்ற பெற்றோரின் மனத்தை அறிந்து, 1998இல் ஐலீன் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையைக் குடும்பத்திடமே ஒப்படைத்தார். அதன் பிறகு நெடுங்காலம் அந்தப் படம் புதிதாக எங்கும் வெளியிடப்படவில்லை.

முற்றுப்புள்ளி வைக்கும் உரிமை ஆலைக்கும் அரசுக்கும் ஊடகத்துக்கும் இல்லை என்று இந்தக் கட்டுரை வாதிடுகிறது. அந்த உரிமை யாருக்கு உண்டு என்பதற்கு இந்த நிகழ்ச்சியில் பதில் இருக்கிறது: பாதிக்கப்பட்டவர்களுக்கு.

கொடைக்கானல்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிய பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை, 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலையாகத் தொடங்கி, பின்னால் ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. ஆலை நின்ற முகட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தச் சரிவில் இறங்கும் தண்ணீர் கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்கு வருகிறது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடிகள் பாதரசம் ஒட்டியபடியே சாக்குச் சாக்காகக் குவிந்திருந்ததை உள்ளூர் மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் செய்தியாளர்கள் முன் காட்டினார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் கழிவு திரும்பிப் போனது அரிய செய்தி. எல்லா இதழ்களிலும் வந்தது. அதோடு பெரும்பாலான இதழ்களுக்குக் கொடைக்கானல் முடிந்துபோனது.

தொழிலாளர்களுக்கு முடியவில்லை. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் பாதரசத்தோடு பழகியதால் தங்கள் சிறுநீரகமும் நரம்பும் கெட்டன என்று அவர்கள் சொன்னார்கள். வேலையால் யாருக்கும் உடல்நலக் கேடு வரவில்லை என்று நிறுவனம் மறுத்துவந்தது. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2015 ஜூலை 30ஆம் தேதி, சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோண்ட்' என்ற ராப் பாடல் யூடியூபில் வெளியானது. நிக்கி மினாஜின் பிரபலமான பாட்டின் மெட்டில், நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே கேட்ட பாட்டு. நிக்கி மினாஜே அதைத் தன் ட்விட்டர் பக்கத்தில் பகிர்ந்தார். சில நாள்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். தாய் நிறுவனமான யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரி ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

ஒரு பாட்டு வென்றது என்று அப்போது எழுதினார்கள். பாட்டின் பங்கு உண்மை. ஆனால் அது எதன் மேல் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். பதினான்கு ஆண்டுகளாகத் தொழிலாளர்கள் சங்கத்தைக் கலையவிடவில்லை. சூழல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்கள் ஆவணங்களைத் திரட்டி, யாரும் கேட்காத காலத்திலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆலைக்கு அருகே பாசியிலும் மரப்பாசியிலும் பாதரசம் ஏறியிருப்பதை அணுசக்தித் துறையின் அறிவியலாளர்கள் ஆய்விதழில் பதிவுசெய்திருந்தார்கள். பாட்டைக் கேட்டுத் திடுக்கிட்டவர் 'உண்மையா?' என்று தேடியபோது எடுத்துக்கொடுக்க ஆதாரம் இருந்தது. காய்ந்து கிடந்த விறகில்தான் பாட்டின் தீப்பொறி பற்றியது.

கொடைக்கானலிலும் நிறுவனம் கொடுத்தது கருணைத் தொகை என்ற பெயரில்தான். தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. மினமாட்டாவின் 1959 ஒப்பந்தத்தோடு இதை ஒன்றாக வைப்பது நியாயமல்ல: இது உயர் நீதிமன்ற வழக்கின் வழியாக வந்தது, தொழிலாளர் சங்கமே வரவேற்றது. ஆனால் ஊடகம் நடந்துகொண்ட விதம் ஒன்றுதான். தொழிலாளர் உடன்பாட்டை முழுத் தீர்வாக எடுத்துக்கொண்டது, மண் மறந்துபோனது. ஆலை நிலத்தை ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று அனுமதித்தார்கள். சோலைக்காட்டின் தலைமேல் இருக்கும் நிலத்துக்கு இந்த அளவு மிகத் தளர்வானது, பணக்கார நாடுகளில் இப்படி விடமாட்டார்கள் என்று சூழல் ஆர்வலர்கள் வாதிட்டார்கள். அதைச் சொல்லத்தான் 2018இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சோஃபியா அஷ்ரஃபும் சேர்ந்து இரண்டாவது பாட்டைக் கொண்டுவந்தார்கள். முதல் பாட்டுக்குக் கிடைத்த கவனம் இதற்குக் கிடைக்கவில்லை. தொழிலாளரின் முகம் செய்தியாகும். மில்லிகிராம் அளவு செய்தியாகாது என்று செய்தி அறைகள் நினைக்கின்றன. அந்த மில்லிகிராம்தான் அடுத்த தலைமுறையின் உடலுக்குள் போகிறது.

மூன்று நிமிடம்

பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013இல் குமமோட்டோவில் கையெழுத்தானது. அதன் பெயரே மினமாட்டா உடன்படிக்கை. 2018இல் இந்தியாவும் அதை உறுதிசெய்து ஏற்றது. ஆனால் மினமாட்டாவிலேயே விவகாரம் முடியவில்லை. நோயாளியாக அரசு சான்றளித்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். சான்று மறுக்கப்பட்டவர்களின் வழக்குகள் தொடர்கின்றன. 2023 செப்டம்பரில்கூட ஒசாகா மாவட்ட நீதிமன்றம் 128 பேரை நோயுற்றவர்களாக ஏற்றுத் தீர்ப்பளித்தது.

2024 மே 1ஆம் தேதி, ஆண்டு நினைவு நாளில், சுற்றுச்சூழல் அமைச்சர் நோயாளி அமைப்புகளைச் சந்தித்தார். ஒவ்வொருவருக்கும் பேச மூன்று நிமிடம். இறந்துபோன தன் மனைவியைப் பற்றி ஒரு முதியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, நேரம் முடிந்தது என்று அதிகாரிகள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். அறையில் தொலைக்காட்சிக் கேமரா இருந்தது. காட்சி நாடு முழுவதும் போனது. ஒரு வாரம் கழித்து அமைச்சர் மினமாட்டாவுக்குத் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். 68 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த அறைக்கு ஒரு செய்தியாளர் போயிருந்ததால்தான் அது நடந்தது.

இந்த வரலாற்றிலிருந்து செய்தி அறைகளிடம் கேட்க வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. உடன்பாடு கையெழுத்தாகும் நாளில் அதன் பிரிவுகளை வெளியிட வேண்டும். புதிய கருவி திறக்கப்படும் நாளில் அது எந்த நச்சைப் பிரிக்கும், எதைப் பிரிக்காது என்று கேட்க வேண்டும். இரு தரப்பைச் சொல்லும்போது சான்றின் எடையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆலை மூடிய ஓராண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அங்கே திரும்பிப் போகும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவை இதழியலின் அடிப்படைச் செலவாகக் கருத வேண்டும். முதலில் பார்க்கும் உள்ளூர்ச் செய்தியாளருக்கு, ஆலையும் அதிகாரமும் நெருக்கும்போது, தலைமையகம் துணைநிற்க வேண்டும்.

போராடுகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பெரிய ஊடகம் வரும், போகும். மாத இதழோ, ஆவணத் தொகுப்போ, பாட்டோ, ஊர் ஊராகத் திரையிடும் படமோ, தங்கள் கையில் ஒன்று இருந்தால்தான் அது போன பிறகும் பேச்சு நிற்காது. ஒரு சூழல் கேடு முடிந்ததா என்பதை நிறுவனத்தின் அறிக்கையை வைத்தோ, அரசின் ஆணையை வைத்தோ, தலைப்புச் செய்தியை வைத்தோ முடிவு செய்யக் கூடாது. மண்ணையும் நீரையும் அளந்து, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டு, அதன் பிறகுதான் எழுத வேண்டும். அவர்கள் 'முடிந்தது' என்று சொல்லும்வரை அது இன்றைய செய்தியே.